தாளத்தின் அரசனும் ஆடுவோர் கால்களும்

1935ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24ஆம் திகதி, கொலம்பியா நாட்டு மெடெல்லின் நகரின் விமான நிலையத்திலே நிகழ்ந்த விபத்தில் கார்லோஸ் கார்தெல் மாண்டார். டாங்கோ என்னும் இசையைப் பாட்டாக்கி உலகெங்கும் கொண்டு சென்ற பெரும் பாடகர் அவர். ஆர்ஜெந்தீனாவின் தலைநகராகிய புவனஸ் அயர்ஸ் துக்கத்தில் ஆழ்ந்தது. எட்டு நாட்கள் கழிந்து, ஜூலை 2ஆம் திகதி, அதே நகரில் விக்டர் கம்பனியின் ஒலிப்பதிவுக் கூடத்திலே, முப்பத்து நான்கு வயதுடைய வயலின் வித்துவான் ஒருவர் தமது வாத்தியக் குழுவுடன் இரண்டு உருப்படிகளைப் பதிவு செய்தார். ‘ஹோட்டல் விக்டோரியா’ என்னும் டாங்கோ ஒன்று. ‘தெஸ்தே எல் அல்மா’ என்னும் வால்ஸ் மற்றொன்று. வித்துவானின் பெயர் ஹுவான் தாரியென்சோ. நகரம் முழுவதும் ஒரு குரலுக்காக அழுதுகொண்டிருந்த அந்நாட்களில், குரலே இல்லாத இவ்விரு இசைத்தட்டுகளைப் பெரிதாக எண்ணியவர் பலர் இருந்திருக்க முடியாது. ஆயினும் புவனஸ் அயர்ஸின் கால்கள் மறுபடி அசையத் தொடங்கியது அங்கேதான்.

மறுபடி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. டாங்கோ பிறந்தது கால்களில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, பிளாத்தா ஆற்றின் முகத்துவாரத்தில் எதிரெதிரே அமைந்த புவனஸ் அயர்ஸ், மொண்டவிடியோ என்னும் இரு துறைமுக நகரங்களில் அது உருவாயிற்று. அடிமைகளாகக் கொணரப்பட்ட ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் முழக்கிய கந்தோம்பே தாளமும், கியூபாவிலிருந்து கப்பலேறி வந்த ஹபனேரா நடையும், உள்நாட்டுப் பாடகரின் மிலோங்காவும் அதிற் கலந்தன. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பிழைப்புத் தேடி மக்கள் அலையலையாக வந்திறங்கினர். 1914ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்போது புவனஸ் அயர்ஸ் வாசிகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் வேற்று நாட்டிலே பிறந்தவர்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்கு முழுதும் விளங்காத ஊர் அது. அத்தகைய ஊரிலே இருவர் பேசாமற் பழகிக்கொள்ள ஆட்டம் ஒரு வழியாயிற்று.

மேடையிலும் திரைப்படத்திலும் நாம் காணும் டாங்கோ வேறு. ரோஜா மலரைப் பல்லிடையே கவ்விக்கொண்டு காலைத் தலைக்குமேல் வீசும் அந்த ஆட்டத்துக்கும், புவனஸ் அயர்ஸ் மக்கள் தங்கள் பேட்டை மண்டபங்களில் ஆடிவந்த ஆட்டத்துக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது. மண்டபத்து ஆட்டம் பிறர் பார்ப்பதற்காக ஆடப்படுவதன்று. ஆணும் பெண்ணும் மார்போடு மார்பு சேர்த்துத் தழுவி நின்று, இசைக்கேற்ப நடக்கிறார்கள், அவ்வளவே. ஆனால் அந்த நடைக்குள்ளே திருப்பங்களும், நிறுத்தங்களும், குறுக்குக் கால்களும், கணப்பொழுது மௌனங்களும் உண்டு. இவற்றுள் எதுவும் முன்கூட்டி மனப்பாடம் செய்யப்பட்டதன்று. நம் சங்கீத வித்துவான்கள் மனோதர்மம் என்பார்களே, அதுதான் இங்கும். நடத்துபவர் தம் உடலின் சிறு அசைவால் ஒரு வழியைக் காட்டுகிறார். தொடர்பவர் அதை உணர்ந்து தம் காலால் விடை கூறுகிறார். இருவரும் ஒருவரையொருவர் கேட்கிறார்கள்; இருவரும் சேர்ந்து இசையைக் கேட்கிறார்கள்.

இதிலே ஒரு சிக்கல் உண்டு. ஜோடி ஒன்று மட்டும் தளத்தில் இருந்தால் எப்படியும் ஆடலாம். சனிக்கிழமை இரவில் ஒரே மண்டபத்தில் நூறு ஜோடிகள் நின்றால் என்ன செய்வது? எல்லோரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலே வட்டமாக நகர வேண்டும் என்பது முதலாவது ஒழுங்கு. முன்னே செல்பவரை முந்தலாகாது. பின்னே வருபவரைக் காக்க வைத்து நெடுநேரம் நிற்கவும் ஆகாது. நடத்துபவர் முன்னோக்கி நடக்கும்போது தொடர்பவர் பெரும்பாலும் பின்னோக்கி நடக்கிறார். அவருக்குத் தம் முதுகுப்புறம் என்ன இருக்கிறதென்று தெரியாது. சிலர் கண்ணை மூடிக்கொண்டே ஆடுகிறார்கள். இவ்வாறு நானூறு கால்கள் ஒன்றையொன்று மிதியாமல் நகர வேண்டுமாயின், அவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு துடிப்பு வேண்டும். பரதநாட்டியத்திலே நட்டுவனார் ஆடுபவரின் காலைப் பார்த்தே தாளம் தட்டுகிறார். டாங்கோ மண்டபத்தில் வாத்தியக் குழு யாருடைய காலையும் தனியே பார்க்க இயலாது. அது நானூறு கால்களுக்கும் ஒரே நேரத்தில் ஓர் அழைப்பை விடுக்கிறது. அந்த அழைப்புத் தெளிவாக இல்லாவிடில் தளம் தடுமாறிவிடும்.

1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே அழைப்பு மங்கியிருந்தது. கார்தெல் 1917இல் ‘மி நோச்சே திரிஸ்தே’யைப் பாடிய நாள் முதலாக டாங்கோ கதை சொல்லும் பாட்டாக வளர்ந்துவிட்டது. மறுபுறத்தில், ஹூலியோ தெ காரோ 1924இல் அமைத்த அறுவர் குழுவும் அதன் வழி வந்தோரும் டாங்கோவுக்கு நுட்பமான சுரக் கோவைகளையும் மெல்லிய ஏற்ற இறக்கங்களையும் தந்தனர். இரண்டும் அரிய சாதனைகளே. அவற்றைக் குறைத்துப் பேசுவது அறியாமை. ஆனால் பாடகரின் சோகத்துக்கு இடங்கொடுக்கத் தாளம் ஒதுங்கி நின்றது. நுட்பத்துக்கு இடங்கொடுக்க அது வளைந்து நெகிழ்ந்தது. கேட்போர் நாற்காலியில் அமர்ந்து தலையை அசைத்தனர். பேசும் படங்கள் வந்ததும், மௌனப் படங்களுக்கு வாசித்துப் பிழைத்த வித்துவான்கள் வேலையிழந்தனர். உலகப் பொருளாதார மந்தம் வேறு. இளைஞருக்கு வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபொக்ஸ்ட்ரொட் இலேசாகவும் உல்லாசமாகவும் தோன்றிற்று.

தாரியென்சோவும் பழைய ஆள்தான். 1900ஆம் ஆண்டு டிசெம்பரில் இத்தாலியக் குடியேறிகளின் மகனாகப் புவனஸ் அயர்ஸிலே பிறந்தவர். நாடகக் கொட்டகைகளிலும் கபரே மண்டபங்களிலும் வயலின் வாசித்து வளர்ந்தவர். அவர் செய்ததோ மிக எளிய காரியம். நூற்றாண்டின் முதற் பதினைந்து, இருபது ஆண்டுகளில் எழுதப்பட்டு, காலங்கடந்தவை என்று ஒதுக்கப்பட்ட டாங்கோக்களைத் தூசி தட்டி எடுத்தார். அவற்றின் துள்ளலைத் திரும்பக் கொண்டுவந்தார். பாடகரின் குரல் வாத்தியக் குழுவின் மற்றுமொரு வாத்தியமேயன்றி அதற்கு மேலானதன்று என்பது அவருடைய கொள்கை. எனவே அவருடைய பதிவுகளிற் பாடகர் நடுவிலே சற்று நேரம் பாடிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். தாளம் ஒருபோதும் அவருக்காகக் காத்து நிற்பதில்லை.

1935ஆம் ஆண்டின் இறுதியிலே ரொடோல்போ பியாஜி என்னும் பியானோ வித்துவான் குழுவிற் சேர்ந்தார். ஆண்டின் கடைசி நாளில் அவர்கள் பதிவு செய்த ‘நுவேவே தெ ஹூலியோ’ என்னும் டாங்கோவைக் கேட்டால், என்ன நேர்ந்தது என்பது யாருக்கும் விளங்கும். ஆர்ஜெந்தீனாவின் சுதந்திரப் பிரகடன நாளாகிய ஜூலை 9ஐப் பெயராகக் கொண்ட உருப்படி அது.

அக்குழுவின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். இதனை ‘ஓர்கெஸ்தா திப்பிக்கா’ என்பர். பண்டோனியன்களின் வரிசை ஒன்று, வயலின்களின் வரிசை ஒன்று, ஒரு பியானோ, ஒரு பெரிய கொன்ட்ராபாஸ். பறை, மத்தளம் போன்ற தாள வாத்தியம் எதுவுமில்லை. பண்டோனியன் என்பது ஜெர்மனியிற் பிறந்த துருத்தி வாத்தியம். நம் ஆர்மோனியத்துக்குத் தூரத்து உறவு. அதை மடிமேல் வைத்து இரு கைகளாலும் விரித்தும் சுருக்கியும் வாசிப்பார்கள். ஒரே பொத்தான் விரிக்கும்போது ஒரு சுரத்தையும், சுருக்கும்போது வேறொரு சுரத்தையும் தருவதால் அதைக் கற்பது பெரும்பாடு. பெருமூச்சு விடுவதற்கென்றே படைக்கப்பட்ட வாத்தியம் போலும் எனக் கேட்போர் எண்ணுவர். தாரியென்சோ அந்தப் பெருமூச்சைத் துண்டு துண்டாக நறுக்கினார். ஐந்து பண்டோனியன்கள் ஒன்றாகச் சேர்ந்து, ஒவ்வொரு சுரத்தையும் வெட்டினாற்போல எழுப்பி உடனே நிறுத்தும். அடிக்கும் அடிக்கும் இடையில் ஒரு வெற்றிடம் பிறக்கும். மத்தளம் இல்லாமலே முழுக் குழுவும் மத்தளமாகிவிடும்.

அந்த வெற்றிடத்திலேதான் சூட்சுமம் இருக்கிறது. ஆடுபவருக்குக் காலை எங்கே வைப்பது என்பதை அடி சொல்லுகிறது. காலை எடுக்க அவகாசம் தருவது இடைவெளி. ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குமுன், மற்ற வாத்தியங்கள் எல்லாம் மூச்சுப் பிடித்து நிற்க, பியாஜியின் பியானோ மட்டும் மேற்சுரங்களில் மின்னலாகச் சிதறிக் காட்டிவிட்டு ஓடும். தளத்திலுள்ளோர் அந்தக் கணத்தில் என்ன செய்வதென்று தாமே தீர்மானிக்க வேண்டும். சிலர் நிற்பர், சிலர் ஒரு திருப்பத்தை முடிப்பர், பெண் தன் காலால் நிலத்திலே சிறு கோலமிடுவாள். அதன்பின் முழுக் குழுவும் அடுத்த அடியில் இறங்கும்போது மண்டபம் முழுவதும் ஒன்றாக இறங்கும். இவற்றுக்கு மேலே, இறுதிப் பகுதியில், வயலின் தன் தாழ்ந்த தந்தியிலே நீண்டதொரு இழையை இழுத்துச் செல்லும். விரைந்து நடக்க விரும்புவோர் பண்டோனியனைப் பின்பற்றலாம். நிதானமாக நடக்க விரும்புவோர் வயலினைப் பின்பற்றலாம். ஒரே இசையில் இரண்டு வேகங்கள். மூன்று நிமிடத்துக்குள் இசைத்தட்டின் ஒரு பக்கம் முடிந்துவிடும்; முடிவில் வரும் இரண்டு அடிகளை ஆடுவோர் முன்கூட்டியே அறிந்து, அதற்குச் சரியாகக் கால்களைச் சேர்த்து நிற்பார்கள்.

பியாஜியின் இவ்விளையாட்டைத் தாரியென்சோ முதலில் விரும்பவில்லை என்றும், ஆடுவோர் கைதட்டி மறுபடி மறுபடி கேட்டபின்னரே இணங்கினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. மெய்யோ பொய்யோ, குழுவின் தலைவர் தளத்தைப் பார்த்தே முடிவு செய்தார் என்பதைக் கதை சரியாகவே உணர்த்துகிறது. ‘தாளத்தின் அரசன்’ என்ற பட்டம் அவருக்கு வந்து ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் அவர் வயலினைக் கீழே வைத்துவிட்டுக் குழுவின் முன்னே குனிந்து நின்று, ஒவ்வொரு வரிசைக்கும் நேரே விரலை நீட்டி, முகத்தைக் கோணி, அடியைப் பிடுங்கி எடுப்பவர்போல் நடத்தினார். அக்காட்சி தொலைக்காட்சிப் படச் சுருள்களில் இன்றும் இருக்கிறது. பார்ப்பவருக்குச் சிரிப்பு வரக்கூடும். குழுவினருக்குச் சிரிக்க நேரமிருந்ததாகத் தெரியவில்லை.

கண்டனங்களும் எழுந்தன. டாங்கோவை அவர் இருபது ஆண்டு பின்னுக்குத் தள்ளிவிட்டார், நுட்பத்தைக் கைவிட்டு இயந்திரமாக்கிவிட்டார் என்று சக வித்துவான்கள் குறை கூறினர். அதில் உண்மை சிறிதும் இல்லை என்று சொல்ல இயலாது. 1950ஆம் ஆண்டுகளிலே அவர் செய்த பதிவுகள் சிலவற்றில் வேகமும் ஓசையும் மிகுந்து, நயம் குறைந்திருப்பதைக் காணலாம். ஆயின் 1935க்கும் 1938க்கும் இடைப்பட்ட பதிவுகளைப் பற்றி அந்தக் குறை பொருந்தாது. காலுக்கான இசை காதுக்கான இசையிலும் தாழ்ந்தது என்னும் எண்ணமே அக்கண்டனத்தின் அடியில் இருந்தது. நூறு ஜோடிகளை ஒரே மூச்சில் நடக்கச் செய்வதும், அதே வேளையில் ஒவ்வொரு ஜோடிக்கும் தன் வழியே ஆடச் சுதந்திரம் தருவதும் எளிய வித்தையன்று. அதைக் குறை கூறியவர்கள் பெரும்பாலும் நாற்காலியில் அமர்ந்திருந்தவர்கள்.

விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1935 நவம்பரிலே தொடங்கப்பெற்ற ‘எல் முந்தோ’ வானொலி நிலையம் தாரியென்சோவின் குழுவை வீட்டுக்கு வீடு கொண்டு சென்றது. உதைபந்தாட்டக் கழகங்களும் பேட்டைச் சங்கங்களும் தங்கள் மைதானங்களையும் மண்டபங்களையும் ஆட்டத்துக்குத் திறந்துவிட்டன. ஓரிரவில் டாங்கோவுக்கு ஒரு குழு, ஜாஸுக்கு ஒரு குழு என்று மாறி மாறி வாசிப்பது வழக்கம். அக்காலத்து இளைஞன் நேரே மண்டபத்துக்குள் நுழைந்து ஒரு பெண்ணை ஆட அழைத்துவிட முடியாது. ஆண்கள் மட்டும் கூடும் பயிற்சி இடங்களில் மாதக்கணக்காகப் பழக வேண்டும். அங்கே முதலிற் கற்பிக்கப்பட்டது தொடர்பவரின் பாகம். வழிநடத்தப்படுவது எப்படியிருக்கும் என்பதைத் தன் உடலால் அறியாதவன் பிறரை வழிநடத்தலாகாது என்பது கருத்து. பல முதிய ஆட்டக்காரர்கள் இதனை நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

தாரியென்சோ திறந்த வாயில் வழியே வேறு பல மேதைகள் வந்தனர். அனிபால் துரொய்லோ 1937இலும், கார்லோஸ் தி சார்லி, ஒஸ்வால்தோ புக்லியேசே ஆகிய இருவரும் 1939இலும் தத்தம் குழுக்களை அமைத்தனர். ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு நடை. தி சார்லியின் இசைக்கு நீண்டு வழுக்கி நடக்க வேண்டும். புக்லியேசேயின் இசையோ கடலலைபோல் ஏறி இறங்கும். பொறுமை இல்லாதோர் அதற்கு ஆட முடியாது. இவர்கள் தாரியென்சோவைப் போல வாசிக்கவில்லை. ஆனால் ஆடுவோர் மண்டபத்தில் நிறைந்திருந்ததாலேயே இவர்களுக்கு ஊதியமும் மேடையும் கிடைத்தன. அவரைக் குறை கூறியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அவருடைய குழு இருமுறை அடிபட்டது. 1938இல் பியாஜி விலகித் தமது சொந்தக் குழுவை அமைத்தார். 1940இல், அப்போது பியானோ வாசித்துக்கொண்டிருந்த ஹுவான் பொலிட்டோ, மற்ற வித்துவான்களையும் அழைத்துக்கொண்டு பிரிந்து சென்றார். தலைவர் தனியே நின்றார். பண்டோனியன் வித்துவான் எக்தோர் வரேலாவையும், இருபது வயதையும் எட்டாத ஃபுல்வியோ சலமாங்கா என்னும் பியானோக்காரரையும் சேர்த்துப் புதிய குழுவை நிறுவினார். ஆட்கள் எல்லாரும் புதியவர்கள். அடி மாத்திரம் பழையது. தளத்திலுள்ளோர் அதை உடனே அடையாளங் கண்டுகொண்டனர்.

1955இல் இராணுவப் புரட்சி ஜனாதிபதி பெரோனை வீழ்த்திற்று. பொதுக்கூட்டங்கள் ஐயத்துடன் நோக்கப்பட்டன. ரொக் இசை வந்தது. பெரிய குழுக்களுக்கு ஊதியம் கொடுக்கக் கழகங்களால் முடியவில்லை. குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. தாரியென்சோ விடாது வாசித்தார். 1968இல் அவருடைய குழு ஜப்பானுக்குச் சென்றது. அவர் செல்லவில்லை. கார்தெலின் மரணத்துக்குப் பின் விமானமேற அவர் மறுத்துவிட்டார் என்று சொல்வார்கள். 1976ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி அவர் காலமானார். இரு மாதங்களில் மற்றோர் இராணுவ ஆட்சி தொடங்கிற்று.

1983இல் மக்களாட்சி மீண்டபின், பழைய ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தளத்துக்குத் திரும்பினர். அவ்வாண்டிலேயே பாரிஸ் நகரில் அரங்கேறிய ‘டாங்கோ ஆர்ஜெந்தீனோ’ என்னும் மேடைக் காட்சி வெளிநாட்டவரிடையே ஆவலைத் தூண்டியது. அவர்கள் ஆட்டத்தைக் கற்க வந்தபோது, மேடையிற் கண்டது ஒன்று, மண்டபத்தில் உள்ளது வேறொன்று என்பதை முதியவர்களின் தழுவலிலே தெரிந்துகொண்டனர். 2009இல் யுனெஸ்கோ நிறுவனம் டாங்கோவை ஆர்ஜெந்தீனா, உருகுவே ஆகிய இரு நாடுகளுக்கும் பொதுவான பண்பாட்டு மரபாகப் பதிவு செய்தது.

இன்று மிலோங்கா எனப்படும் ஆட்டக் கூடல்கள் பல நாடுகளிலே நடைபெறுகின்றன. பெரும்பாலானவற்றில் உயிருள்ள வாத்தியக் குழு இல்லை. பழைய பதிவுகளே ஒலிக்கின்றன. ஒரே குழுவின் ஒரே காலத்துப் பதிவுகளில் நான்கைத் தொடுத்து ஒரு ‘தாந்தா’ ஆக்குகிறார்கள். ஒரு தாந்தாவுக்கும் அடுத்ததற்கும் இடையில், ஆட முடியாத வேறேதோ இசையின் துணுக்கொன்று ஒலிக்கும். அதற்குக் ‘கோர்த்தினா’ என்று பெயர். திரைச்சீலை என்பது பொருள். அது ஒலித்ததும் தளம் காலியாகிவிடும். புதிய தாந்தாவின் முதல் வரி எழுந்ததும், ஆணும் பெண்ணும் மண்டபத்தின் எதிரெதிர் மூலைகளிலிருந்து ஒருவரையொருவர் நோக்குவர். கண்கள் சந்தித்தால், மெல்லத் தலையசைப்பு. விருப்பமில்லையாயின் பார்வையை வேறெங்கோ திருப்பினாற் போதும். வாய்விட்டு மறுக்கும் சங்கடம் ஒருவருக்கும் இல்லை. இசையைக் கேட்டு, இது எந்தக் குழு என்று அறிந்த பின்னரே அனுபவமுள்ளோர் கண்ணை உயர்த்துகிறார்கள். தி சார்லிக்கு விரும்பும் துணை வேறு, தாரியென்சோவுக்கு விரும்பும் துணை வேறு. இணங்கிய இருவரும் ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடம் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு ஆட வேண்டும். நடுவில் நன்றி கூறி விலகுவது பெரும் அவமதிப்பு.

இரவு சோர்ந்திருக்கும் வேளையில், இசைத்தட்டுகளைத் தெரிபவர் தாரியென்சோவின் 1936, 1937ஆம் ஆண்டுப் பதிவுகளை எடுத்து வைக்கிறார். நாற்காலிகள் நகரும் ஒலி கேட்கிறது. வாசித்தவர்கள் அனைவரும் மறைந்துவிட்டார்கள். தளத்தில் நிற்பவர்களோ அப்பதிவுகளுக்குப் பல பதிற்றாண்டுகள் பின்னே பிறந்தவர்கள். பியாஜியின் பியானோ சிதறி ஓடும் அதே இடத்தில் இவர்களும் மூச்சைப் பிடித்து நிற்கிறார்கள்.

கடைசியாக ஒலிப்பது வழக்கப்படி ‘லா கும்பர்சிதா’. மொண்டவிடியோ நகரத்து மாணவர் ஹெரார்தோ மாத்தோஸ் ரொத்ரிகெஸ் இயற்றியது. தாரியென்சோ அதனைப் பலமுறை பதிவு செய்திருக்கிறார். அதற்குத் துணையாக யாரைத் தேடிச் செல்வது என்பது அன்றிரவு முழுவதும் மனத்தில் இருந்த கேள்வியாகலாம். இரண்டு இறுதி அடிகள் விழுகின்றன. இம்முறை கோர்த்தினா ஒலிப்பதில்லை. விளக்குகள் ஏற்றப்படுகின்றன, ஆடியோர் காலணிகளை மாற்றிக்கொள்ளக் குனிகிறார்கள்.